குணாவை நான்தான் அனுப்பினேன்

சபை இதழுக்கு இந்தச் சாட்சியை எழுதித் தரும்படி பாஸ்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லி நழுவினேன். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். அதுதான் முடியவில்லை.

சொல்லிவிடுகிறேன். என்னை அண்ணன் என்று நம்பிய ஒருவனை நான் பேசிப் பேசி ஆபத்துக்குள் அனுப்பினேன். நானும் அவனோடு போக வேண்டியவன். நான் போகவில்லை. அவன் போனான்.

என் பெயர் ஸ்டீபன். வயது நாற்பத்தைந்து. ஜொகூரில், தெப்ராவில் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். வரிசையாக வரும் மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பது, தவறு இருந்தால் ஒதுக்குவது. அதில் தொடங்கி அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளன் ஆனேன். நல்ல வேலை. யாரும் விட மாட்டார்கள்.

நம் சபையிலிருந்து ஞாயிறு மாலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிக்குப் போய் வகுப்பு எடுத்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நேபாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு நான் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் ஒரு நேபாளத் தொழிலாளி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கிளினிக்குக்குத் தனியாகப் போய், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று அவனே டாக்டரிடம் மலாயில் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் மூன்று முறை போய், வாய் திறக்க முடியாமல், ஏதோ ஒரு மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பியவன் அவன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் தொழிற்சாலையில் ஒருநாளும் இருந்ததில்லை. இவர்கள் இங்கே வந்து திண்டாடுவதற்கு முன்பே, அவர்கள் ஊரிலேயே போய் யாராவது சொல்லிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அந்த யாராவது நான்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆறு மாதம் ஜெபித்தேன். மூன்று வருடங்களுக்கு முன்பு, பிப்ரவரி மாதம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

என் மனைவி ரூபி தனியார் கிளினிக் ஒன்றில் தாதி. அவள் தடுக்கவில்லை. "ஒங்களுக்குச் சரின்னு பட்டா செய்ங்க. ஆனா வேல கையில வந்த பெறகு விடலாமே" என்று மட்டும் சொன்னாள். விசுவாசம் என்றால் முதலில் விட வேண்டும் என்று நான் அவளுக்குப் பிரசங்கம் செய்தேன்.

மார்ச் போனது, ஏப்ரல் போனது. ஏழு மாதம் வேலை கேட்டு எழுதினேன். நேபாளம், கம்போடியா, கிழக்குத் தீமோர் என்று தொண்டு நிறுவனங்கள் இருக்கிற இடத்துக்கெல்லாம் எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் ஆசிரியர் பட்டம் கேட்டார்கள். ஒரு நிறுவனம் இரண்டு முறை நேர்காணல் செய்து, மூன்றாவது முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னது. அதற்குப் பிறகு ஹென்ட்போன் அடித்தாலே எடுக்கப் பயந்தேன். காலையில் ரூபி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் எனக்குப் பயம். மேசையில் உட்காருவேன். எழுந்து நடப்பேன். மறுபடி உட்காருவேன். மகளுக்கு அந்த வருடம் எஸ்.பி.எம், பள்ளி இறுதித் தேர்வு. அப்பா வீட்டில் சும்மா இருப்பதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் குத்தியது.

ஆராதனை முடிந்தால், "என்ன ஸ்டீபன், வேல கெடச்சிருச்சா?" என்று கேட்பீர்கள். அன்போடுதான் கேட்டீர்கள். நான்தான் கடைசிப் பாட்டுக்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். "அழைத்தது நீர்தானே? பின் ஏன் பேசாமல் இருக்கிறீர்?" இதுதான் அந்த மாதங்களில் என் ஜெபம்.

குணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். செடெனாக்கில் வீடு. என்னைவிட எட்டு வயது சின்னவன். முருக பக்தன், வருடம் தவறாமல் காவடி எடுப்பவன். ஆனாலும் நான் விடுதியில் வகுப்பு எடுக்கிறேன் என்று தெரிந்ததும், "நானும் வரேண்ணே. எனக்கு இங்லீசு சொல்லித் தர தெரியாது. வயரிங் சொல்லித் தரேன்" என்று வந்துவிட்டான். மொழி வகுப்பைவிட அவன் வகுப்பில்தான் கூட்டம் அதிகம். நான் வேலையை விட்ட பிறகும் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பான். ரொட்டி சானாய் வாங்கித் தருவான். "ஒங்களுக்குக் கெடைக்கும்ணே. கெடச்சா என்னையும் இழுத்துக்குங்க" என்பான்.

செப்டம்பரில் அந்த விளம்பரம் வந்தது. அந்த நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர் மக்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சி மையம், மொழி சொல்லித்தர ஒருவர் வேண்டும், மின்சார வேலை சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்று இருந்தது. படித்ததும் அழுதுவிட்டேன். இதைவிடத் தெளிவாகக் கர்த்தர் எப்படிப் பேச முடியும்? ஒரே இடத்தில் எனக்கும் குணாவுக்கும் வேலை.

நேர்காணலில் அந்தப் பக்கத்துக் காமிரா அணைந்தே இருந்தது. இணையத் தொடர்பு சரியில்லை என்றார்கள். பட்டம் கேட்கவில்லை. முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கவும் இல்லை. இரண்டாம் நாளே வேலை உறுதி என்று செய்தி வந்தது.

"ஆபீஸ் அட்ரஸ் எங்கங்க? மேப்புல காட்டுங்க" என்று ரூபி கேட்டாள்.

"எல்லைப் பக்கத்துச் சின்ன ஊரு. மேப்புல எல்லாம் இருக்காது."

"ஏழு மாசமா எல்லாரும் சர்ட்டிபிகேட் கேட்டாங்க. இவங்க மட்டும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

நான் கத்தினேன். கர்த்தர் கதவைத் திறக்கும்போது நீ சந்தேகப்படுகிறாய் என்றேன். பலகையில் முடி அளவு விரிசலைக் கண்டுபிடித்தவன், கண்ணெதிரே இருந்ததைப் பார்க்க மறுத்தேன். ரூபி அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

குணா தயங்கினான். நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது, மனைவி மல்லிகா தனியாக இருப்பாள் என்றான். அவன் வீட்டுக்கே போய் மல்லிகாவிடம் பேசினேன். "நானும்தானேம்மா போறேன். நான் பாத்துக்க மாட்டேனா?" என்றேன். அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். அவன் வேலையை விட்டான். தீபாவளி முடிந்து அடுத்த வாரம் இருவருக்கும் விமானச் சீட்டு அனுப்பினார்கள்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் அடித்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டேன். மறுநாள் எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி வலி. ரூபி பிடிவாதமாக இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல். ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

புறப்படும் நாள் காலையில் குணா பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். "நீங்க இல்லாம நான் போவலண்ணே. டிக்கெட்ட மாத்தச் சொல்லிப் பாப்போம்" என்றான்.

நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவராவது குறித்த நாளில் வராவிட்டால் இருவருக்கும் வேலை இல்லை என்று பதில் வந்தது. ஏழு மாதக் காத்திருப்பு கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன். "நீ முன்னால போ குணா. ஒரு வாரத்துல நான் வந்துடுறேன்" என்றேன்.

அவன் என் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. எனக்கு உயிர்ப் பயம் இல்லை, கோபம்தான். இப்படியா ஆண்டவரே, வாசல்வரை கொண்டுவந்து தள்ளிவிட்டீரே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். ஐந்தாம் நாள் ரூபி கஞ்சி ஊட்டும்போது திடீரென்று அழுதாள்.

"என்ன மன்னிச்சிருங்க. நான்தான் ஜெபம் பண்ணுனேன். இது சரியில்லன்னா எப்படியாச்சும் கதவ அடைச்சிருங்க ஆண்டவரேன்னு கேட்டேன். ஒங்கள சாவக் கெடத்துவாருன்னு நெனக்கலங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

குணா போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பிறகு ஒன்றும் இல்லை. வீடு திரும்பியும் உடம்பு தேறாததால் என் பயணம் தள்ளிக்கொண்டே போனது. இரண்டு வாரம் கழித்து மல்லிகா என்னைக் கூப்பிட்டாள். குணா வீடியோவில் அரை நிமிடம் பேசினானாம்.

"நல்லா இருக்கேன், வேலை சிறப்பா இருக்கு, அண்ணனைச் சீக்கிரம் புறப்பட்டு வரச் சொல்லுன்னு சொன்னாருண்ணே. ஆனா எழுதி வெச்சுப் படிக்கிற மாதிரி பேசுனாரு. பிள்ளயப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. எனக்குப் பயமா இருக்கு."

நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். எனக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம், ஒரு மத்தியானம். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. "அண்ணே வராதீங்க. ஏமாத்திட்டாங்க. பாஸ்போர்ட்ட புடுங்கிட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஆளுங்கள ஏமாத்தச் சொல்றாங்க. மாட்டேன்னா அடிக்கிறாங்க." கூடவே ஒரு படம். கம்பி போட்ட ஜன்னல் வழியாக எடுத்த படம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவனே அழித்தானோ என்னவோ, செய்தி அழிந்துவிட்டது. நல்லவேளை, அதற்குள் என் கை தானாகவே திரையைப் படம் பிடித்து வைத்திருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரூபி வேலை முடிந்து வரும்வரை அங்கேயே இருந்தேன். அவளிடம் ஹென்ட்போனைக் கொடுத்தேன். அவள் படித்தாள். "நான் கேட்டேன்ல?" என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. "எந்திரிங்க. மல்லிகாகிட்ட போவணும்" என்றாள்.

செடெனாக் போய்ச் சேர்ந்தோம். மல்லிகா செய்தியைப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க? நான் பாத்துக்க மாட்டேனான்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே மூவரும் போலீஸ் பாலாய்க்குப் போய்ப் புகார் கொடுத்தோம். பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். வெளியுறவு அமைச்சுக்கும் தூதரகத்துக்கும் எழுதினோம். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எந்த இடம்? எங்களிடம் இருந்தது ஒரு படம் மட்டும்தான்.

மேசைமேல் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரிசையாக மஞ்சள் நிறத் தண்ணீர்த் தொட்டிகள். பாதி கட்டிய கட்டடம். ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம், அதன் நிழல் இடது பக்கம் விழுகிறது. தூரத்தில் வளைந்து போகும் ஆறு. இணைய வரைபடத்தில் அந்த எல்லை ஓரம் முழுவதையும், ஆகாயத்திலிருந்து எடுத்த படமாக, சதுரம் சதுரமாகப் பார்த்தேன். பத்தொன்பது வருடம் நான் செய்த வேலை அதுதான். நான்காம் நாள் கண்டேன். ஆற்றின் வளைவு, கோபுரம், தொட்டிகள், எல்லாம் பொருந்தின. தூதரகத்துக்கு அனுப்பினேன். அந்த நாட்டில் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவுகிற சின்னக் கிறிஸ்தவக் குழு ஒன்று இருப்பதைப் பாஸ்டர் விசாரித்துக் கண்டுபிடித்தார். அதில் லிடியா என்ற சகோதரிக்கும் அனுப்பினேன். அந்த ஊர்க்காரர்தான், நன்றாக ஆங்கிலம் பேசுவார். உள்ளூர் போலீசுக்குத் தகவல் போகும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது, காத்திருங்கள் என்றார்.

காத்திருந்தோம். அந்த நாட்களில் உங்களில் சிலர் என் தோளைத் தட்டி, "கர்த்தர் ஒன்ன காப்பாத்திட்டாரு பாத்தியா" என்றீர்கள். நான் ஆமென் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றியவர் ஏன் குணாவைக் காப்பாற்றவில்லை? எனக்கு ஒரு ரூபி ஜெபித்தாள். அவனுக்கு மல்லிகா ஜெபித்திருக்க மாட்டாளா? கிறிஸ்துமஸ் ஆராதனையில் பின் வரிசையில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவனை யாராவது அந்த நேரத்தில் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. வெளியே வந்து செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.  பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இதில் சொல்கிறேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் லிடியா கூப்பிட்டார். போலீஸ் அந்த இடத்துக்குள் போய்விட்டது. முப்பத்தெட்டுப் பேர் வெளியே வந்திருக்கிறார்கள். ஆனால் போலீஸ் வருவது தெரிந்து, அதற்கு முன்தினமே சிலரை வேறு இடத்துக்கு வேனில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்களாம். வந்தவர்கள் யாரோடும் பேசப் போலீஸ் இன்னும் விடவில்லை என்று சொல்லி, அவர்களின் பெயர்களைக் கையால் எழுதிய பட்டியல் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். மலேசியர் நான்கு பேர் இருந்தார்கள். குணாவின் முழுப் பெயரான குணசேகரன் அதில் இல்லை.

மூன்று முறை பார்த்தேன். இல்லை.

அந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை ரூபி விடுப்பு எடுத்துக்கொண்டாள். செடெனாக் போனோம். மல்லிகா கதவைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கூடத்தில் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது.

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அவள்தான் சொன்னாள்.

"நீங்க ஒங்க சாமிகிட்ட கேளுங்கண்ணே. நான் எஞ் சாமிகிட்ட கேக்குறேன். இங்கயே கேளுங்க. எனக்குத் தனியா இருக்க முடியல."

நான் முழங்கால் போட்டேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. எத்தனை வாரமாக ஒரே ஜெபம், குணாவைக் கொடும், குணாவைக் கொடும் என்று. அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஹென்ட்போனில் அந்தப் பட்டியல் திறந்திருந்தது. முப்பத்தெட்டுப் பெயர். இவர்களுக்காகவும் ஏதோ ஒரு வீட்டில் இப்படித்தானே காத்திருப்பார்கள் என்று ஒரு நினைவு வந்தது. அந்த நினைவு எனக்குள்ளிருந்து வந்ததாக இன்றுவரை நான் நம்பவில்லை. குணா இல்லாவிட்டாலும் இவர்களுக்காவது ஜெபிப்போம் என்று, பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன். எனக்குச் சரியாக உச்சரிக்கக்கூட வராத பெயர்கள். இவரை வீடு சேரும் ஆண்டவரே. இவரை வீடு சேரும். ரூபி ஆமென் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபதைத் தாண்டி மலேசியர் பெயர்கள் வந்தன. ஒரு சீனர். ஒரு மலாய்க்காரர். பிறகு, "கோபால். இவரை வீடு சேரும் ஆண்டவரே."

"என்னண்ணே சொன்னீங்க?"

"கோபால். மலேசியாதான்மா. வேற யாரோ."

மல்லிகா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு எழுந்தாள்.

"அது எங்க மாமனாரு பேருண்ணே. இவரு அப்பா பேரு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நம் அடையாளக் கார்டில் நம் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்துதானே இருக்கும்? அந்த ஊரில் எழுதியவர் கடைசியில் இருந்த பெயரை மட்டும் எழுதியிருந்தால்? ஹென்ட்போனை ரூபியிடம் நீட்டினேன். ரூபிதான் லிடியாவைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். நாங்கள் கேட்டதும் லிடியா, கொஞ்சம் இருங்கள் என்றார். நடக்கிற சத்தம் கேட்டது. கதவு திறக்கிற சத்தம். யாரிடமோ பேசுகிற சத்தம். பிறகு ஒரு குரல்.

"அலோ?"

"யாரு? குணாவா?"

"அண்ணே." அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. மல்லிகா ஹென்ட்போனைப் பிடுங்கிக்கொண்டாள். நானும் ரூபியும் வெளியே வந்துவிட்டோம். கேட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஓடி வந்து, யார் இறந்துவிட்டார்கள் என்று கேட்டார். யாரும் இறக்கவில்லை, ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று ரூபி மலாயில் சொன்னாள்.

விசாரணை, பயணப் பத்திரம் என்று எல்லாம் முடிய இன்னும் மூன்று வாரம் ஆனது. தைப்பூசம் கழிந்த பிறகு செனாய் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். பாதியாக இளைத்திருந்தான். இடது காது கேட்கவில்லை, அடித்த அடி. இன்றும் அந்தக் காது சரியாகவில்லை. கர்த்தர் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டார் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. குழந்தை அவனை அடையாளம் தெரியாமல் மல்லிகாவின் பின்னால் ஒளிந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, அது வரும்வரை காத்திருந்தான்.

பத்து நாள் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கோவம் இருந்துச்சுண்ணே. உள்ள இருக்கறப்ப ஒங்க மேலதான் கோவம். பொய் சொல்ல மாட்டேன். நீங்க ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்து தப்பிச்சுட்டீங்கன்னு நெனச்சு நெனச்சு எரிஞ்சேன்." அடிபட்ட காதைத் தடவிக்கொண்டான். "அப்பறம் ஒருநாளு நெனச்சுப் பாத்தேன். நீங்களும் வந்திருந்தா அந்தப் படத்த நான் யாருக்கு அனுப்பியிருப்பேன்?"

அந்தக் கேள்விக்குமேல் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஏன் நான், ஏன் அவன் என்று எனக்கு இன்னும் தெரியாது. வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் சொல்லாத பதிலை ரூபியிடம் சொன்னேன். "நீ கேட்டதுக்கு நன்றி" என்றேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ஏப்ரலில் லிடியாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் காப்பக வீட்டில் மீட்கப்பட்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், மலேசியர், இந்தோனேசியர், தமிழ்நாட்டுப் பிள்ளைகள்கூட வருகிறார்கள், மலாயும் தமிழும் ஆங்கிலமும் பேசுகிற ஒருவர் எங்களுக்கு இல்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்டிருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையை விட்டு ஓராண்டுக்குமேல் நான் தேடியது இதுதான். ஆனால் நான் துள்ளிக் குதிக்கவில்லை. பயந்தேன். இந்த முறை கடிதத்தை ரூபியிடம் கொடுத்து, "நீ என்ன கேக்கணுமோ கேளு" என்றேன். அவள் இரண்டு பக்கம் கேள்வி எழுதி அனுப்பினாள். முகவரி கேட்டாள், பதிவுச் சான்று கேட்டாள், அங்கே வேலை செய்கிற மூன்று பேரோடு காமிராவில் பேசினாள். பிறகு விடுப்பு எடுத்து என்னோடு வந்து, ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். நான் வேலைக்குப் புறப்பட்ட நாளில், விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப போங்க" என்றாள்.

இப்போது ஒன்றரை வருடமாக அங்கே வேலை செய்கிறேன். ஆறு வாரம் அங்கே, இரண்டு வாரம் தெப்ராவில். வெளியே வருகிறவர்கள் முதல் சில நாள் பேச மாட்டார்கள். அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை கேட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதுதான் பல நாள் என் வேலை. போலீசிடம் நடந்ததைச் சொல்லக் கூடவே உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு முதல் அழைப்பு போகும்போது பக்கத்தில் நிற்பேன். போன மாதம் ஒருவர், தன் தாயிடம் பேச வெட்கமாக இருக்கிறது, ஏமாந்ததை எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் ஏமாந்த கதையை முதலில் அவருக்குச் சொன்னேன். பிறகு அவர் எண்ணை அழுத்தினார்.

குணா குலாயில் மின்சாரக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஞாயிறு மாலைகளில் விடுதியில் வயரிங் வகுப்பு மறுபடி நடக்கிறது. பாடம் தொடங்கும் முன், ஊர் விட்டு ஊர் வேலைக்குப் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று அவன் கால் மணி நேரம் பேசுகிறான். போய்க் கேளுங்கள்.

அன்பானவர்களே, வேலை இல்லாமல், பதில் வராமல், வீட்டில் தனியாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படிக்கலாம். கர்த்தர் உங்களுக்கும் இதே போலச் செய்வார் என்று நான் எழுத முடியாது. எனக்குச் செய்ததை மட்டும்தான் எழுத முடியும். அவர் எனக்குக் கதவை அடைத்தபோது அவர்மேல் கோபப்பட்டேன். அவர் என் கோபத்தைப் பொறுத்துக்கொண்டார். குணாவைக் கேட்டேன், கொடுத்தார். வேலையைக் கேட்பதை நான் நிறுத்தியிருந்தேன், அதையும் கொடுத்தார். இன்னும் ஹென்ட்போன் அடித்தால் எடுக்கத் தயங்குகிறேன். விமானத்தில் ஏறும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. நான் தைரியசாலி ஆகிவிடவில்லை.

புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்துக்கு வாருங்கள். உங்களைக் கேள்வி கேட்கிற மனைவியையோ கணவரையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். மனம் அமைதியான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடேயே வந்து முழங்கால் போடுங்கள். நம் ஆண்டவருக்கு அது போதும்.